ஒரே 25 கிலோகிரே, வேறு வேறு விளைவு: கடத்தும் பாலிமர் படலத்துக்கு காமாவா, எலக்ட்ரான் கற்றையா?

மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கான கடத்தும் பாலிமர் படலத்துக்கு 25 கிலோகிரே (பொருள் உறிஞ்சும் கதிர்வீச்சு அளவின், அதாவது டோஸின், அலகு) கொடுத்தோம், மின்தடை இவ்வளவு ஏறியது என்று மட்டும் எழுதினால் அதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த டோஸ் எத்தனை நேரத்தில் சேர்ந்தது, சுற்றிலும் காற்று இருந்ததா, படலம் எதன் மேல் பூசப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவக் கருவிகளுக்குக் கிருமி நீக்க வழக்கமாகக் கொடுக்கும் டோஸும் இதுவே. எனவே உடலில் பொருத்தும் மின்முனை செய்பவர்களுக்கும் இந்தக் கேள்வி வரும்.

கோபால்ட்-60 உமிழும் காமா கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட். மணிக்கு 5 கிலோகிரே வேகம் என்றால் 25-ஐ எட்ட 5 மணி நேரம். 100 நானோமீட்டர் படலத்துக்குள் ஆக்சிஜன் புக ஒரு நொடிகூட வேண்டாம் என்பதால், அந்த 5 மணி நேரமும் ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை. கதிர்வீச்சால் பிணைப்பு அறுந்து உருவாகும் ரேடிக்கல்கள் (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் துண்டுகள்) பெரும்பாலும் ஆக்சிஜனைப் பிடித்துப் பெராக்சியாகி, பாலிமர் சங்கிலியை முறித்து, கார்பனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) தொகுதியை விட்டுச் செல்லும். மின்சாரம் ஓடும் வழியான, மாறிமாறி வரும் இரட்டைப் பிணைப்புத் தொடர் அங்கே அறுந்துவிடும். போதாக்குறைக்கு, அறைக் காற்றில் உருவாகும் ஓசோனும் படலத்தைத் தின்னும்.

எலக்ட்ரான் கற்றை இதே டோஸைச் சில நொடிகளில் கொட்டிவிடும். ரேடிக்கல்கள் நெருக்கமாகப் பிறப்பதால் ஒன்றோடொன்று இணைந்து, சங்கிலிகளைக் கோக்கும் குறுக்குப் பிணைப்பாகும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் வெப்பம் சிக்கல். 25 கிலோகிரே என்றால் கிராமுக்கு 25 ஜூல். வெப்பம் வெளியேற வழி இல்லையென்றால் அடியிலுள்ள கண்ணாடி சுமார் 30 டிகிரி சூடேறும். 5 கிலோகிரே வீதம் ஐந்து தவணையாகக் கொடுத்து, நடுவில் சில நிமிடம் ஆற விடுவது நல்லது. கடத்துத்திறனைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், நைட்ரஜன் நிரப்பிய உறையில் எலக்ட்ரான் கற்றையே என் தேர்வு. பல ஆண்டு மெல்லிய கதிர்வீச்சில் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று அறிய வேண்டுமானால், குறைந்த வேகக் காமாவைத் தவிர வழியில்லை.

காமாவில் அடிக்கடி நடக்கும் இரண்டு தவறுகளைச் சொல்லியாக வேண்டும். வெறும் படலத்தைக் காற்றில் நிறுத்தினால், காமா பொருளிலிருந்து தட்டியெழுப்பும் இரண்டாம் நிலை எலக்ட்ரான்கள் சமநிலைக்கு வராது. கணக்கிட்டதைவிடக் குறைந்த டோஸ்தான் சேரும். முன்னும் பின்னும் 5 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு வையுங்கள், படலத்தில் உரசாமல் இருக்க ஓரத்தில் மெல்லிய இடைவெளித் துண்டு கொடுங்கள். அடுத்தது கண்ணாடி. சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி காமாவில் பழுப்பேறும். நிறமாலையில் தெரியும் அந்தப் பழுப்பைப் படலத்தின் சிதைவு என்று எண்ணி விளக்கம் எழுதியவர்கள் உண்டு. ஃப்யூஸ்டு சிலிக்கா (தூய சிலிக்காவாலான கண்ணாடி) பயன்படுத்துங்கள். பூச்சில்லாத வெற்றுத் தகடு ஒன்றையும் கூடவே வையுங்கள்.

எந்தப் பாலிமர் என்பதும் முடிவையே புரட்டிப்போடும். கடத்தும் பாலிமரான பெடாட்டும், மின்சாரம் கடத்தாத பிஎஸ்எஸ் என்ற பாலிமரும் சேர்ந்த கலவை பெடாட்:பிஎஸ்எஸ். அதன் படலத்தில், 1:2.5 விகித ரகத்தில், எடையில் எழுபது சதவீதத்துக்கு மேல் பிஎஸ்எஸ்தான். கதிர்வீச்சின் ஆற்றலில் பெரும்பகுதி அதில்தான் விழுகிறது. அதிலுள்ள பென்சீன் வளையங்கள் ஆற்றலைச் சிதறடிப்பதால், காற்றில்லாமல் மூடிய படலம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இன்னொரு கடத்தும் பாலிமரான பாலிஅனிலின் கதை வேறு. டோப் செய்யாத (அமிலம் போன்றதைச் சேர்த்து மின்சாரம் கடத்தச் செய்யாத) அதன் நீல நிற வடிவமான எமரால்டின் பேஸை, பிவிசி பிளாஸ்டிக்கோடு கலந்து காமாவில் வைத்தால், பிவிசி ஹைட்ரஜன் குளோரைடை விடும். அது பாலிஅனிலினை டோப் செய்து பச்சையாக்கும். கடத்துத்திறன் குறைவதற்குப் பதில் பல மடங்கு ஏறும்! டோஸ் அளக்கும் படலமாக இதைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையின் அடிப்படையும் இதுதான்.

கன அயனிக் கற்றையை (கனமான, மின்னேற்றம் பெற்ற அணுக்களின் கற்றையை) இவற்றோடு கிலோகிரேயில் ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு அயனியும் சில நானோமீட்டர் அகலத் தடத்தில் ஆற்றலைக் கொட்டுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 10¹² அயனி என்றால் தடங்களின் சராசரி இடைவெளி 10 நானோமீட்டர்தான். அதற்கு மேல் போனால் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழத் தொடங்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டோப் செய்த பாலிஅனிலின், கற்றையே படாமல், அயனிக் கற்றைக்கு வேண்டிய வெற்றிடத்தில் இருந்தாலும் அமிலத்தை இழக்கும். ஆகவே கற்றை படாத ஒரு மாதிரியையும் அதே அறையில் வையுங்கள், அல்லது ஆவியாகாத டிபிஎஸ்ஏ (டோடெசைல்பென்சீன் சல்ஃபோனிக் அமிலம்) கொண்டு டோப் செய்யுங்கள். புற ஊதா விளக்கு மலிவு, ஆனால் அது குறிப்பிட்ட பிணைப்புகளையே தாக்கும். காமாவுக்கு மாற்று ஆகாது.

அளவீட்டுக்கு, நான்கு ஊசிகளால் படலத்தின் பரப்பு மின்தடையை (சதுரத்துக்கு இத்தனை ஓம்) காட்டும் நான்முனைக் கருவி போதும். 100 நானோமீட்டர் படலம் சதுரத்துக்கு 200 ஓம் காட்டினால், கடத்துத்திறன் 500 சீமென்ஸ்/செமீ. பெடாட்:பிஎஸ்எஸ் ஈரத்தை உறிஞ்சித் தடிக்கும் என்பதால், கதிர்வீச்சுக்கு முன்னும் பின்னும் ஒரே ஈரப்பதத்தில் அளங்கள், தடிமனையும் மறுபடி பாருங்கள். சிக்கிக்கொண்ட ரேடிக்கல்கள் உறையைத் திறந்த பிறகும் ஆக்சிஜனோடு வினைபுரியும். திறந்த உடனே ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை என்று எடுத்த மூன்று எண்களும் ஒத்துப்போகாவிட்டால், முதல் எண்ணை மட்டும் வெளியிடாதீர்கள்.