முன்பல் போன இடத்தில் இம்ப்ளான்ட்டா, பிரிட்ஜா, ஒட்டுப் பல்லா?

கடைவாய்ப் பல் போனால் ஆற அமர யோசிக்கலாம். முன்பல் போனால் மறுநாளே வாயைத் திறக்கக் கூச்சமாகிவிடும். அந்த அவசரத்தில் ‘எது சீக்கிரம் முடியுமோ அதைப் போடுங்க டாக்டர்’ என்று சொல்லிவிடுகிறோம். சீக்கிரம் முடிவது பிரிட்ஜ்தான்: இருபக்கப் பற்களுக்கும் கேப், அதாவது உறை போட்டு, நடுவில் பொய்ப் பல்லைத் தாங்க வைப்பது. ஓரிரு வாரத்தில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் அடிபடுவது பக்கத்துப் பற்கள். கேப் உட்காருவதற்காக இருபக்கப் பல்லையும் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ராவி, முளை போல ஆக்கிவிடுவார்கள். போன எனாமல் திரும்ப வளராது. சில பற்களுக்குப் பின்னாளில் ரூட் கேனலும் தேவைப்படும். அந்தப் பற்களில் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங்கோ கேப்போ இருந்தால் சரி, பிரிட்ஜ் போடலாம். இரண்டும் சொத்தையில்லாத நல்ல பற்கள் என்றால் எனக்கு மனசு ஒப்பவே இல்லை.

இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் திருகாணி போலப் பதித்து, அதன் மேல் பல் பொருத்துவது. அது பக்கத்துப் பற்களைத் தொடாது. ஸ்வீடன் மருத்துவர் பிரேன்மார்க் 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்திய அதே டைட்டானியம்தான் இன்றும் பெரும்பாலும் பயன்படுகிறது. எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொள்ளப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். சிக்கல் ஈறுப் பக்கம்தான் வரும். முன்பல்லின் உதட்டுப் பக்க எலும்பு பெரும்பாலோருக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. பல்லைப் பிடுங்கியதும் முதலில் கரைவது அதுதான். எலும்பு கரைந்தால் ஈறு மேலேறும், புதுப் பல் நீளமாகத் தெரியும், ஈறோரம் பற்களுக்கு நடுவே கறுப்பு முக்கோணம் போல இடைவெளி விழும். சிரித்தால் ஈறு தெரிகிறவர்கள் இதை மறைக்கவே முடியாது. அதனால் எந்தக் கம்பெனி இம்ப்ளான்ட் என்று கேட்பதற்கு முன், முப்பரிமாண ஸ்கேனில் எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள்.

ஒட்டுப் பல்லைப் பற்றிப் பலருக்கும் சொல்லப்படுவதே இல்லை. பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் ஒரு சிறு இறக்கை, அதோடு சேர்ந்த பல், அவ்வளவுதான். ராவல் மிகக் குறைவு. பழைய மாடலில் இரண்டு பக்கமும் உலோக இறக்கை இருக்கும். ஒரு பக்கம் பசை விட்டாலும் மறுபக்கம் பிடித்திருப்பதால் உள்ளே சொத்தை விழுவது தெரியாது. இப்போது ஒற்றை இறக்கை ஜிர்கோனியா என்ற உறுதியான வெண்பீங்கானில் வருகிறது. கீழ்ப்பற்கள் ஆழமாக இடிக்கிறவர்களுக்கும், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கும் இது சரிப்படாது.

பதினைந்து வயதுப் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து பல் போனால், நான் ஒட்டுப் பல்லைத்தான் சொல்வேன். அந்த வயதில் இம்ப்ளான்ட் கூடாது. தாடை வளரும்போது மற்ற பற்களும் கூடவே இறங்கும், இம்ப்ளான்ட் நகராது, குட்டையாக மேலேயே நின்றுவிடும்.

கழற்றி மாட்டும் பல் இடைக்காலத்துக்குப் போதும்.

பெரியவர்கள், பக்கத்துப் பற்கள் நன்றாக இருந்து, எலும்பும் இருந்தால், இம்ப்ளான்ட்டுக்கே போகலாம். புகைப்பழக்கம் இருந்தாலோ சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலோ முதலில் அதைப் பாருங்கள். ஆடும் பல்லை இனிமேல்தான் பிடுங்கப்போகிறார்கள் என்றால், பிடுங்கும் முன்பே இம்ப்ளான்ட் பேச்சை எடுத்துவிடுங்கள். குழியில் அப்போதே எலும்புத்தூள் வைத்தால் கரைவது ஓரளவு குறையும்.