மலநாடு ட்ரிப்: தோல்ல தடவறதா, துணில அடிக்கறதா?

டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் கர்நாடகாவோட மலநாடு மலைப்பகுதில ஜோக் ஃபால்ஸ், ஆகும்பே, தீர்த்தஹள்ளி பக்கம் காட்டுக்குள்ள நடக்கப் போறவங்க குரங்குக் காய்ச்சல் பத்தி தெரிஞ்சுக்கிட்டு போங்க, 1957ல ஷிமோகா ஜில்லா கியாசனூர் காட்டுல குரங்குங்க செத்து விழுந்தப்ப கண்டுபிடிச்ச வைரஸ், பெரும்பாலும் உண்ணி கடிச்சுத்தான் வருது. வந்தவங்கள்ல 100க்கு 3ல இருந்து 5 பேர் வரைக்கும் இறந்துடறாங்க, வைரஸ கொல்ல தனி மருந்தும் கிடையாது.

உண்ணிய விரட்ட தோல்ல தடவறதுன்னா டீட் (DEET)ங்கற பூச்சி விரட்டி 20-30 சதவீதம் இருக்கறது, இல்லன்னா பிகாரிடின்ங்கற இன்னொரு விரட்டி 20 சதவீதம் இருக்கறது. வீட்ல இருக்கற கொசு க்ரீம் பலதுல டீட்டே இல்ல, லேபிள படிச்சு வாங்குங்க. கொசுவுக்கும் சேத்து ஆச்சு, ஆனா வேர்த்தா போயிடும், சில மணி நேரத்துக்கு ஒரு தடவ திரும்ப போடணும், டீட் பிளாஸ்டிக்க வேற அரிச்சுடும், அந்தக் கையோட தொட்டு என் கண்ணாடி ஃப்ரேம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு. அங்க காட்டுக்கு விறகெடுக்கப் போற ஜனங்களுக்கு சுகாதாரத்துறையே டெபாங்கற உண்ணி விரட்டி எண்ணெய் இலவசமா குடுக்குது, அதுவும் தோல்ல தடவறதுதான்.

துணிக்கு அடிக்கறது 0.5 சதவீத பெர்மெத்ரின்ங்கற பூச்சிக்கொல்லி ஸ்ப்ரே. என் ஓட்டு இதுக்குத்தான். உண்ணி பறக்காது, குதிக்காது, சருகுலயும் புல்லுலயும் காத்திருந்து உரசிப் போற கால்ல தொத்திக்கிட்டு மேல ஏறும், அதனால அது முதல்ல தொடறது ஷூவும் சாக்ஸும் பேன்ட்டும்தானே. போன ஜனவரில என் வெள்ள சாக்ஸ் விளிம்புல கசகசா ஒட்டியிருக்குன்னு தட்டப் போனேன், அந்தக் கசகசா நடந்துச்சு! டீட் விரட்டத்தான் செய்யும், இது பட்ட உண்ணி செத்தே போகும், அஞ்சாறு தடவ துவைச்சாலும் தாங்கும். வெளில வச்சு அடிச்சு நல்லா காயவிட்டு போடுங்க, தோல்ல அடிக்காதீங்க, ஈரமா இருக்கறப்ப பூனை கிட்ட வரக்கூடாது, அதுக்கு விஷம். ஒண்ணே ஒண்ணு, மெடிக்கல் ஷாப்ல பெர்மெத்ரின்னு கேட்டா சொறிக்கு போடற 5 சதவீத க்ரீம நீட்டுவாங்க, அது இதுக்கு ஆகாது, ட்ரெக்கிங் சாமான் விக்கற எடத்துல தேடுங்க.

கைக்கும் கழுத்துக்கும் டீட்டும் வேணும்தான், ஒண்ண மட்டும் வாங்க காசிருந்தா துணிக்கு வாங்கி பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகிக்கங்க. எதப் போட்டாலும் ரூமுக்கு வந்ததும் அக்குள், இடுப்பு, முழங்கால் பின்பக்கம், காது மடல் எல்லாம் பாருங்க, ஒட்டியிருந்தா கூர் நுனி ட்வீசரால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, மண்ணெண்ணெய், தீக்குச்சி எல்லாம் வேணாம். செத்த குரங்கு கெடந்தா பக்கத்துல போகாதீங்க, அதுலேந்து எறங்குற உண்ணிங்க அடுத்த ஆளத் தேடும்.

கடிச்சு 3ல இருந்து 8 நாள் கழிச்சுத்தான் காய்ச்சல் வரும், அதுக்குள்ள நீங்க சென்னை வந்திருப்பீங்க, டாக்டர்கிட்ட எந்தக் காட்டுக்கு போனீங்கன்னு கண்டிப்பா சொல்லுங்க. வெறும் "உண்ணி கடிச்சுது"ன்னா நம்ம ஊர்ல உண்ணிக் காய்ச்சல்னு சொல்ற ஸ்க்ரப் டைஃபஸ்தான் ஞாபகம் வரும், அதுக்கு டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் கேக்கும், குரங்குக் காய்ச்சலுக்கு கேக்காது.