பிள்ளைத்தாய்ச்சிக்குச் சளிக்காய்ச்சல்: முன்கூட்டி ஊசியா, வந்த பின் மாத்திரையா?

மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது தடுப்பூசி போடாமல் இன்புளுவென்சா என்ற சளிக்காய்ச்சலில் படுத்தேன். இளையவன் வயிற்றில் இருந்தபோது ஐந்தாம் மாதத்திலேயே ஊசியைப் போட்டுக்கொண்டேன். இரண்டு வழியிலும் நடந்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை, ஊசியின் பக்கமே சாய்ந்து எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொத்தமல்லிக் கசாயமும் ஆவி பிடிப்பதும் உடம்புக்கு இதமானவை, ஆனால் அவை இந்தப் போட்டியில் சேரா. ஒதுங்கியிருக்கும் யோசனையும் அப்படித்தான்: தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுத்தெழும்பும் வீட்டில் யாரிடமிருந்து யார் ஒதுங்குவது?

எனவே போட்டி ஊசிக்கும், இன்புளுவென்சா வைரஸை அடக்கும் ஒசெல்டமிவிர் மாத்திரைக்கும் இடையில்தான். மாத்திரையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கக்கூடிய மருந்து அது. வழக்கமாக 75 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். நோய் வந்தால் மட்டுமே அதற்குத் தேவை வரும் என்பதால், வராத காய்ச்சலுக்கு ஏன் முன்கூட்டிச் செலவழிக்க வேண்டும் என்று என் மாமியார் கேட்டதில் நியாயம் இருந்தது. ஊசியை நான் கண்டிக்குப் போய்த் தனியார் வைத்தியசாலையில் பணம் கொடுத்தே போட வேண்டியிருந்தது. பஸ் காசோடு சேர்த்தால் வீட்டுக்காரரின் சில நாள் கூலி அதில் போயிற்று.

ஆனால் மாத்திரைக்கு ஒரு கெடு இருக்கிறது. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். பிந்தினாலும் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பார்கள், பலன்தான் குறையும். பட்டணத்தில் இருப்பவருக்கு 48 மணி நேரம் தாராளம். ஹட்டனுக்கு மேலே, தோட்டத்தின் மலை உச்சிப் பிரிவில் (டிவிசனில்) இருப்பவருக்கு அது எப்படிக் கரைகிறது என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை உடம்பு வலித்தது. ஏழு மாத வயிற்றோடு இருந்ததால் அலுப்பு என்றே நினைத்தேன். இரவு காய்ச்சல் ஏறியது. ஞாயிறு தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. திங்கள் காலை அடைமழையில் பாதையில் மண் சரிந்ததால் பஸ் வரவில்லை; பகலுக்குப் பிறகு கொழுந்து லொறியின் முன் ஆசனத்தில் உட்கார்ந்துதான் கீழே இறங்கினேன். ஆஸ்பத்திரியில் வரிசையில் இருந்து டாக்டரைக் கண்டு முதல் மாத்திரையை விழுங்கியபோது 48 மணி நேரம் கடந்துவிட்டது, மூச்சும் வாங்கத் தொடங்கியிருந்தது. இலங்கையில் இந்தக் காய்ச்சல் பரவும் இரண்டு காலங்களில் ஒன்று ஆண்டின் நடுப்பகுதி; எங்கள் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை பாதையை மறிப்பதும் அதே மாதங்களில்தான். மருந்து மிகவும் தேவைப்படும் நாளும் மருந்திடம் போக முடியாத நாளும் ஒன்றாகிவிடுகின்றன. என் தராசு சாய்ந்தது இந்த ஒரு காரணத்தால்தான்.

மூச்சு வாங்குவது சிறிய விடயமும் அல்ல. வளரும் கருப்பை நுரையீரலுக்கான இடத்தைக் குறைக்கிறது, இதயத்தின் வேலையும் கூடியிருக்கிறது; அதனால்தான் சாதாரண ஆளைப் படுக்கவைக்கும் காய்ச்சல் கர்ப்பிணியை நிமோனியா வரை கொண்டுபோகிறது. 2009ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய எச்1என்1 காய்ச்சலிலும் கர்ப்பிணிகள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். ஊசி போடுவதில் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் சொன்னது.

ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ், ஆகவே அது காய்ச்சலை உண்டாக்காது. மூக்கில் விடும் உயிருள்ள வகைதான் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. எனக்கு ஒரு நாள் கை வலித்தது, அவ்வளவே. எந்த மாதத்திலும் போடலாம் என்பார்கள். முதல் மூன்று மாதத்தில் போட்ட அனுபவம் எனக்கு இல்லை. எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால் மழை தொடங்குமுன் போடுவது நல்லது. முன்பு ஏதாவது ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டே போட வேண்டும்.

இரண்டாவது கர்ப்பத்தில் எனக்குக் காய்ச்சல் வரவில்லை. அது ஊசியால்தானா, அந்த ஆண்டு எங்கள் லயத்தில் நோய் அதிகம் பரவாததாலா என்று என்னால் உறுதி கூற இயலாது. ஊசி போட்டவருக்கும் காய்ச்சல் வரக்கூடும், அதன் பலனும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எந்த வழியை எடுத்தாலும் காய்ச்சல் கண்ட அன்றே டாக்டரிடம் போக வேண்டும். பரசிட்டமோல் தவிர ஐபுபுரூபன் போன்றவற்றைத் தாமாக விழுங்கக் கூடாது, காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம்.

மாத்திரையால் முடியாத இன்னொன்றும் உண்டு. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி போட மாட்டார்கள். தாய்க்குப் போட்டால் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியே பிள்ளைக்கும் போய் அந்த மாதங்களுக்கு ஓரளவு உதவும். இளையவனுக்கு வரும் மாதம் ஆறு மாதம் நிறைகிறது. முதல் முறை போடும் சிறு பிள்ளைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும் என்பதால், கண்டிக்கு இரண்டு தடவை போகும் செலவுக்கு இப்போதே சீட்டுக் காசைக் கேட்டு வைத்திருக்கிறேன்.