டேர்போ காருக்கு எந்த ஸ்பாக் பிளக்: நிக்கலா, இரிடியமா, இரட்டை முனையா?

வாகன இறக்குமதி 2020இல் நின்று 2025இல் திரும்பத் திறந்த பிறகு, யாழ்ப்பாணத் தெருக்களில் சின்ன டேர்போ கார்களை நிறையவே காண்கிறோம். ஒரு லீற்றர் ரெய்ஸ், அதற்கு முன்னமே வந்த ஒரு லீற்றர் சிவிக், 660 சிசி வாகன்ஆர் ஸ்டிங்ரே டேர்போ. பிளக் மாற்றும் காலம் வந்தால் எல்லாருக்கும் ஒரே குழப்பம்தான். கடைக்காரர் மூன்று பெட்டியை மேசையில் வைப்பார். விலை ஒன்றுக்கொன்று மடங்கு மடங்காக ஏறும். எதை எடுப்பது?

டேர்போ இல்லாத காரில் இது அவ்வளவு பெரிய விஷயமில்லை. டேர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. அமுக்கம் கூடக் கூட, பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவில் தீப்பொறி பாய்வதற்கு வேண்டிய வோல்ற்றேஜும் கூடும். அதனால்தான் சாதாரண எஞ்சினில் பிளக் இடைவெளி 1.0 அல்லது 1.1 மில்லிமீற்றர் என்றால், டேர்போவில் பெரும்பாலும் 0.7, 0.8 என்று வைக்கிறார்கள். முனை தேயத் தேய இந்த இடைவெளி தானாகவே அகலும். சாதாரண கார் அதைக் கொஞ்சக் காலம் பொறுக்கும். டேர்போ பொறுக்காது.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடாநாடு முழுக்கச் சமதரை. கஸ்தூரியார் வீதியில் ஊர்ந்து போகும்போது டேர்போவுக்கு வேலையே இல்லை. தேய்ந்த பிளக்கோடும் கார் மாதக்கணக்கில் நல்ல பிள்ளையாக ஓடும். ஆனையிறவு தாண்டி, ஐந்து பேரும் பொதியுமாக ஏ9 வீதியில் ஒரு லொறியை முந்த மிதிக்கும்போதுதான் குலுக்கும், எஞ்சின் லைற் மினுங்கும். ஆகவே ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிளக் நல்லது என்று முடிவெடுக்க வேண்டாம்.

முதலில் சாதா நிக்கல் பிளக். நடு முனை ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் தடிப்பு. டேர்போவுக்கு இது ஆகாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புதிதாக, சரியான இடைவெளியோடு இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். பிரச்சினை ஆயுளில்தான். ஜப்பானியப் பிளக் உற்பத்தியாளர்கள் சாதா பிளக்குக்கு 15,000 முதல் 20,000 கிலோமீற்றர் என்கிறார்கள். 660 சிசி கார்களுக்கு அதில் பாதி, 7,000 முதல் 10,000 வரை. சின்ன எஞ்சின் அதே தூரத்துக்குக் கூடுதல் சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கிறதே. மாதம் இரண்டு தரம் கொழும்பு போய் வருகிற ஸ்டிங்ரே என்றால், அந்த ஓட்டம் மட்டுமே 1,600 கிலோமீற்றர் அளவுக்கு வரும். நாலைந்து மாதத்துக்கு ஒருக்கால் பிளக் கழற்ற வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓடுகிற, விற்கப்போகிற பழைய காருக்கு நிக்கல் போதும். மற்றவர்களுக்கு அந்த மலிவு மலிவே இல்லை.

அடுத்தது இரிடியம். இங்கேதான் மக்கள் ஏமாறுகிறார்கள். பெட்டியில் இரிடியம் என்று இருந்தால் ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடும் என்று நினைத்து வாங்குகிறார்கள். நடு முனை 0.4 அல்லது 0.6 மில்லிமீற்றர் மெல்லிய இரிடியம்தான், அது உருக 2,400 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும், நிக்கலுக்கு 1,455 போதும், எல்லாம் உண்மை. மெல்லிய முனையில் பொறி குறைந்த வோல்ற்றேஜில் பாயும், ஸ்ராட்டும் இலகு. ஆனால் எதிர்ப்பக்கம், அந்த வளைந்த கொக்கி, பல பிளக்குகளில் வெறும் நிக்கல். அது தேய்ந்துகொண்டே போகும். இப்படியான சில மெல்லிய முனைப் பிளக்குகளுக்கு உற்பத்தியாளரே சாதா பிளக் அளவு ஆயுளைத்தான் குறிக்கிறார்.

மூன்றாவது இரட்டை முனை, அதாவது இரண்டு பக்கமும் விலையுயர்ந்த உலோகம் வைத்தது. நடுவில் இரிடியம், கொக்கியில் பிளாற்றினம் அல்லது இரிடியத் துண்டு. ஒரு லட்சம் கிலோமீற்றர் என்ற கணக்கு இதற்குத்தான் பொருந்தும், 660 சிசி காருக்கு 50,000. டேர்போவுக்குக் கைநூலில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் கைநூல் சொல்வதுதான் சரி. ஏ9இல் அடிக்கடி ஓடுகிறவருக்கு என் தெரிவு சந்தேகமில்லாமல் இதுதான். பாதித் தூரத்தில் ஒருக்கால் கழற்றிப் பாருங்கள்.

எதை எடுத்தாலும் சூட்டு இலக்கத்தை, அதாவது பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை வெளியேற்றும் என்று காட்டும் இலக்கத்தை, மாற்றாதீர்கள். பிளக் கம்பனிகளில் என்ஜிகேயின் 7 என்பது டென்சோவில் 22. இரண்டிலும் இலக்கம் கூடினால் பிளக் குளிர்ந்தது. பொஷ்ஷில் அது தலைகீழ். 'டேர்போதானே, ஒரு இலக்கம் குளிர்ந்ததைப் போடுங்கோ' என்று சொல்வார்கள். பூஸ்ட் (டேர்போ அமுக்கம்) கூட்டாத, ஊருக்குள் ஓடுகிற காரில் அது கரி பிடித்துத்தான் முடியும். மறுபக்கம், சூடான பிளக் போட்டால் பொறிக்கு முன்னமே பற்றி பிஸ்டன் போகலாம்.

போலிப் பிளக்கும் கண்டபடி உலவுகிறது. போன் கமராவைப் பெருப்பித்து முனையைப் பாருங்கள். வெல்டிங் செய்த மெல்லிய முனை சரியாக நடுவில் நிற்க வேண்டும். வொஷர் தானாகக் கழன்று விழுந்தால், பீங்கானில் உள்ள எழுத்து விரலில் தேய்ந்தால், வாங்காதீர்கள்.

சரி, பிளக்கே குற்றவாளி என்று எப்படித் தெரியும்? கொக்குவில் பக்கம் ஒரு கராச்சில் ஒருவர் புதுப் பிளக் பெட்டியோடு வந்தார். மெக்கானிக் பெட்டியைத் தொடவே இல்லை. ஸ்கானரைப் போட்டார், பி0301 என்று வந்தது, அதாவது முதலாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் அந்தக் கொயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை முதலாவதில் போட்டார். "அண்ணை, ஒருக்கால் மிதிச்சு ஓடிப்போட்டு வாங்கோ." திரும்பி வந்தபோது பி0302. பிழை கொயிலோடு சேர்ந்து இடம் மாறியிருந்தது. பிளக் மாற்றியிருந்தால் காசுதான் போயிருக்கும். பிழை முதலாவதிலேயே நின்றிருந்தால் அடுத்து அதே மாதிரிப் பிளக்கை இடம் மாற்றிப் பார்க்கலாம். பிறகுதான் இஞ்செக்ரர், கொம்பிறஷன்.

குலுக்கல் இல்லை, இழுவை மட்டும் குறைவு என்றால் பிளக்கை விட்டுவிட்டுக் குழாய்களைப் பாருங்கள். இன்ரர்கூலர் குழாய் கழன்றால் மிதிக்கும்போது உஸ் என்று சத்தம் வரும், ஸ்கானரில் பி0299 (டேர்போ அமுக்கம் போதாது) காட்டும். பெற்றோலும் ஒரு காரணம். கைநூல் ஒக்ரேன் 95 கேட்கும் காருக்கு 92 அடித்தால், நொக்கிங்கை (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதை) தடுக்க கணினி பொறியைப் பிந்த வைக்கும், இழுவை குறையும். அதற்கும் பிளக்கைத்தான் திட்டுகிறோம்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசையில் அடுக்கி வையுங்கள். வெளிர் மண்ணிறம் நல்லது. காய்ந்த கரி என்றால் எரிபொருள் கூட, அல்லது குறுந்தூர ஓட்டம். வெளியே, பிளக் இறங்கும் கிணற்றுக்குள் ஒயில் என்றால் பெரும்பாலும் மேல்மூடி கஸ்கெற். எரியும் முனையில் ஒயில் என்றால் ரிங்ஸ் அல்லது டேர்போ சீல் வரை தேட வேண்டும். பீங்கான் வெள்ளையாகி அதில் மினுங்கும் புள்ளி இருந்தால் காரை ஓட்டாமல் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியமாக இருக்கலாம்.

பூட்டும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கழற்ற முன்னர் காற்றடித்துக் கிணற்றுத் தூசியை எடுங்கள், எங்கள் புழுதிக்கு இது கட்டாயம். முதல் சுற்றுகள் கையால். 12 மில்லிமீற்றர் மரைக்கு 15 முதல் 20 நியூற்றன் மீற்றர், 14க்கு 25 முதல் 30. மரையில் கிறீஸ் பூச வேண்டாம், இறுக்கம் அளவு மீறிவிடும். மெல்லிய இரிடியம் முனையைக் கம்பி பிரசால் தேய்க்கவும் வேண்டாம், உடையும்.

ஏ9இல் எஞ்சின் லைற் மினுங்கினால் உடனே காலை எடுங்கள். எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைச் சுட்டுவிடும், அதன் விலை ஒரு செற் பிளக்கைப்போல் பல மடங்கு. மெல்ல ஓட்டும்போது மினுங்கல் நின்றால், மிதிக்காமல் அடுத்த கராச் வரை போகலாம். நிற்காவிட்டால் ஓரமாக்கி எஞ்சினை நிறுத்துங்கள்.