வாகைக்குளத்திலிருந்து சைட்டேஷன் லாட்டிட்யூட்: தாளில் உள்ள 5,000 கி.மீ.யும் கையில் கிடைப்பதும்

செஸ்னா சைட்டேஷன் லாட்டிட்யூட் என்ற சிறிய தனியார் ஜெட்டின் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது 2,700 நாட்டிகல் மைல், அதாவது 5,000 கி.மீ. நாலே பயணிகள், நிதான வேகம், எதிர்க்காற்று இல்லாத வானம், இந்த மூன்றும் கூடி வந்தால் அந்தத் தூரம் கிடைக்கும். திருநெல்வேலிப் பக்கம், வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தில் வைத்து ஓட்டுபவர்களுக்கு அதைவிட முக்கியம் எந்த ஓடுபாதையிலிருந்து, எவ்வளவு எடையோடு, எந்த மாதத்தில் கிளம்புகிறோம் என்பதுதான்.

முதலில் எடைக் கணக்கு. டேங்க் நிரம்பினால் 5,168 கிலோ எரிபொருள், சுமார் 6,400 லிட்டர். அதற்கு மேல் ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சுவது 454 கிலோ. பெட்டியோடு ஆளுக்கு 100 கிலோ என்று வைத்தால் நாலு பேர். எட்டு பேர் ஏறினால் எரிபொருளில் 350 கிலோ குறைக்க வேண்டும். அது ஏறத்தாழ அரை மணி நேரப் பறப்பு. முதல் மணியில் ஏறுவதற்கே 900 கிலோ பக்கம் போகும், பிறகு மணிக்கு 700 கிலோ சுற்றி நிற்கும். துபாய் 3,000 கி.மீ. நாலு மணி நேரத்துக்கு 3,000 கிலோ, மாற்று விமான நிலையத்துக்கும் அரை மணி வட்டமடிப்புக்கும் இன்னொரு 900 கிலோ. எட்டு பேரோடும் தாராளமாகப் போகலாம். தோஹா 3,350 கி.மீ., அதுவும் சிரமமில்லை. ஜெத்தா 4,400 கி.மீ.; அங்கே ஆள் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். லண்டன் 8,400 கி.மீ.க்கு மேல். வழியில் இறங்காமல் நடக்காது, அதற்கு இது வண்டியும் அல்ல.

சிங்கப்பூரும் இங்கிருந்து அதே 3,000 கி.மீ.தான். ஆனால் ஆனி, ஆடி, ஆவணியில் இரண்டும் ஒரே பயணம் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் தென்னிந்தியாவுக்கு மேல் 40,000 அடியைத் தாண்டிய உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்றோட்டம் நிற்கும். 60, 70 நாட், அதாவது மணிக்கு 110 முதல் 130 கி.மீ., சாதாரணம். கீழே ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீச, மேலே நேர் எதிராகக் கீழைக்காற்று. துபாய் போகும்போது 43,000 அடியில் அது தள்ளிவிடும். சிங்கப்பூருக்கு அதே உயரத்தில் போனால் அரை மணிக்கு மேல் கூடும். அப்போது 35,000, 37,000 அடிக்கு இறங்கிப் போவது லாபமா என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும்; தாழப் போனால் எதிர்க்காற்று குறையும், எரிபொருள் கூடும். மார்கழி, தையில் கதை மாறும்: வடக்கே மேலைக்காற்றோட்டம் இறங்கி வந்து, துபாய்ப் பயணத்தின் கடைசிப் பகுதியில் முகத்தில் அடிக்கும்.

இனி ஓடுபாதை. தூத்துக்குடி விமான நிலையத்தின் பழைய ஓடுபாதை 1,350 மீட்டர். இந்த ஜெட்டுக்கு முழு எடையில் மேலெழத் தேவை 1,091 மீட்டர் என்று தயாரிப்பாளர் சொல்வது கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்துக்கு. சித்திரை வெயிலில் 38 டிகிரி வந்தால் காற்று மெலிந்து, 2,800 அடி உயரத்து நிலையத்தில் நிற்பது மாதிரி எஞ்சின் நடந்துகொள்ளும்; தேவைப்படும் நீளம் அந்தப் பழைய ஓடுபாதையின் முழு நீளத்தைத் தொட்டுவிடும். இறங்குவதில் வேறு சிக்கல். தரையிறங்கு தூரம் 756 மீட்டர்தான். வாடகைக்கு ஓட்டும் ஜெட் ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் நின்றாக வேண்டும் என்ற கணக்கில் அது 1,260 மீட்டர். நனைந்த பாதைக்கு மேலும் 15 சதவீதம்: 1,449. ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய பாதை காகிதத்திலேயே போதாது, மதுரைக்குத்தான் திருப்ப வேண்டியிருந்தது. பாதை 3,115 மீட்டராக நீண்டு, 2025 ஜூலை 26-ல் புதிய முனையமும் திறந்தபின் இந்தத் தலைவலி போய்விட்டது. இந்த வகுப்பு ஜெட்டை நெல்லைக்காரர்கள் பாளையங்கோட்டையிலிருந்து அரை மணி தூரத்தில் வைத்து ஓட்ட முடிவது இதனால்தான்.

போகாத தலைவலி குடியேற்றமும் சுங்கமும். வெளிநாட்டுக்கு நேராக வாகைக்குளத்திலிருந்து கிளம்ப வழியில்லாததால் திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ இறங்கித்தான் போக வேண்டும். இரண்டும் சுமார் 125 கி.மீ. புதிதாக ஓட்டுபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். தூத்துக்குடியிலேயே டேங்கை நிரப்பிவிடலாம் என்று தோன்றும். மேலெழும் எடை வரம்பு 13,970 கிலோ, தரையிறங்கும் வரம்பு 12,500 கிலோ சுற்று. அந்தக் குட்டிப் பயணத்தில் செலவாவது 400 கிலோவுக்குள். ஆயிரம் கிலோ அதிக எடையோடு இறங்க முடியாது. ஆகவே இங்கே அளவாக எடுத்து, அங்கே நிரப்ப வேண்டும். நிரப்புவது ஒற்றைக் குழாய் இணைப்பு என்பதால் வேலை சீக்கிரம் முடியும். நேரத்தைத் தின்பது பவுசர் (எரிபொருள் லாரி) வரும் வரை காத்திருப்பதுதான். முந்தின நாளே லிட்டர் கணக்கோடு சொல்லி வையுங்கள்.

ஆடியில் திருவனந்தபுரத்திலிருந்து திரும்பும்போது அகத்தியமலை தாண்டியதும் மலைக்குக் கிழக்கே காற்று சுழன்று உலுக்கும். கார்மின் ஜி5000 மின்னணுக் கருவிகள் கொண்ட காக்பிட்டில் வேலையெல்லாம் தொடுதிரைதான். அந்த உலுக்கலில் விரல் குறி தவறும். தரையிறங்கும் வழிமுறையை மலைக்கு மேற்கேயே கருவியில் ஏற்றி வைத்துவிட்டு, மீதிக்குக் குமிழ்களைத் திருப்பிக்கொள்வது நல்லது. எஞ்சின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ராட்டில் உண்மையிலேயே விமானியின் சுமையைக் குறைக்கிறது. ஓடுபாதை கிழக்கு மேற்காக இருப்பதால் அந்தப் பருவக் காற்று நேர் எதிராகவே வரும், பக்கவாட்டுக் காற்றின் தொல்லை குறைவு. தொல்லை மயில். அதிகாலையிலும் மாலையிலும் கிளம்பும் முன் பாதையைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

கேபினில் குறை சொல்ல அதிகமில்லை. ஆறடி உயரம், தரை முழுக்கச் சமம், நடுவில் பள்ளம் கிடையாது. வேட்டி கட்டிய பெரியவர்கள் குனியாமல் நடந்து போகலாம். 45,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 5,950 அடிக்குரியது, கொடைக்கானலைவிடத் தாழ்வு. நாலு மணி நேரத்துக்குப் பின்னும் தலை கனக்காது. வால்பக்கச் சாமான் அறை 454 கிலோ வரை தாங்கும். சூடேற்றப்பட்டிருந்தாலும் அங்கே கேபினின் அழுத்தம் இல்லை. காற்றடைத்த மிக்சர், சிப்ஸ் பொட்டலங்கள் உப்பிப் பிரியும், எண்ணெய்ப் பாட்டில் மூடி கசியும். கருப்பட்டி, அல்வாப் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. பறக்கும்போது அந்த அறைக்குள் போகவும் முடியாது. மருந்துப் பை கேபினிலேயே இருக்கட்டும்.

உண்மையான செலவு உப்பில் இருக்கிறது. உப்பளக் காற்றும் தேரிப் புழுதியும் சேர்ந்த ஊர் இது. முதல் பெரிய பரிசோதனை 800 மணி அல்லது 18 மாதம் என்று அட்டவணை சொன்னாலும், சக்கரக் கால் மூட்டுகள், மின் இணைப்பு முனைகள், ஆண்டெனா அடிப்பாகம் இவற்றில் வெள்ளைப் பொடி பூக்கிறதா என்று மாதாமாதம் பார்க்காவிட்டால் அரிப்பு உள்ளே போய்விடும். உடம்பைக் கழுவ போர் தண்ணீர் ஆகவே ஆகாது. அதன் உப்புப் படிந்து பெயின்ட் ஓரமும் ரிவெட் தலையும் கெடும். எஞ்சின் கம்ப்ரஸர் கழுவ கனிமம் நீக்கிய நீர் மட்டுமே. ஒரு ராத்திரி நின்றாலும் வேகம் அளக்கும் பிட்டாட் குழாய்க்கு உறை போட வேண்டும், குளவி மண் அப்ப அதிக நேரம் எடுக்காது. வெளியில் நிற்கும் விமானத்தின் டேங்க் அடியில் ஈரக்காற்றால் நீர் கோக்கும். காலையில் முதல் வேலை வடிகால் திறந்து கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்ப்பது. அடியில் முத்தாக உருண்டால் நீர். இழையிழையாகப் பழுப்பு நிறத்தில் மிதந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது, மருந்து போட்டாக வேண்டும்.

பழைய விமானம் வாங்குகிறவர்கள் இணையக் கருவியை விசாரியுங்கள். அமெரிக்காவில் ஓடியதில் தரைக் கோபுரத்தோடு பேசும் ஆண்டெனா இருக்கலாம். அது வட அமெரிக்காவுக்கு மட்டும். இங்கே வெறும் எடை. செயற்கைக்கோள் கருவி மாற்றும் செலவை விலையிலேயே கழித்துப் பேசுங்கள்.