பேஸ் கித்தார் சொல்லித் தந்தது: ‘ஒஹாயோ பிளேயர்ஸ்’ ஆல்பத்துடன் ஓராண்டு

அமெரிக்க ப்ளூஸ்-ராக் குழுவான பிளாக் கீஸின் ‘ஒஹாயோ பிளேயர்ஸ்’ ஆல்பம் 2024 ஏப்ரலில் வெளிவந்தது. முதல் வாரம் கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. ராக் பாடகர்கள் பெக், நோயல் கேலகர் என்று விருந்தினர் வரிசை, பாட்டுக்குப் பாட்டு மெருகு. இவர்களின் வேரான ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் அந்தப் பழைய இசை, எங்கே போனது என்று தேடினேன். ஓராண்டுக்கு மேல் விடாமல் கேட்ட பிறகு அந்தக் கோபத்தில் பாதிதான் மிச்சம்.

என்னை மாற்றியது, அடியில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கித்தார்.

இது இருவர் குழு. பாடுவதும் கித்தார் வாசிப்பதும் டேன் ஆவர்பாக்; டிரம்ஸ் பேட்ரிக் கார்னி. 2003-இல் வந்த ‘திக்ஃப்ரீக்னஸ்’ ஆல்பத்தை ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், கார்னி வீட்டு நிலவறையில் பதிவு செய்தார்கள். பேஸ் வாசிக்க மூன்றாவது ஆள் இல்லை. அடிநாதத்தின் கனத்தையும் கித்தாரே சுமந்தாக வேண்டும். அந்தக் கரகரப்பும் தடிமனும் அப்படிப் பிறந்தவை என்றே நினைக்கிறேன். 2010-இல் ‘பிரதர்ஸ்’ வந்தபோது பேஸ் உறுதியாக இடம் பிடித்துவிட்டது. சுமை இறங்கிய கித்தார் இடைவெளி விட்டுப் பேச ஆரம்பித்தது.

2021-இன் ‘டெல்டா கிரீம்’ வேறு திசை. வடக்கு மிசிசிப்பி மலைநாட்டு ப்ளூஸில் ஸ்வரக்கட்டு (கார்டு) அதிகம் மாறாது. ஒரே சுழற்சி திரும்பத் திரும்ப வந்து கேட்பவரைக் கிறங்க வைக்கும். அந்த மண்ணின் கலைஞர்களான ஜூனியர் கிம்ப்ரோ, ஆர். எல். பர்ன்சைட் பாடல்களை இந்த ஆல்பத்தில் எடுத்துப் பாடினார்கள்; எரிக் டீட்டன் பேஸ் வாசித்தார். வேருக்குத் திரும்பிவிட்டார்கள் என்று அப்போது மகிழ்ந்தேன். அந்தச் சுழற்சியைத் தாங்கிப் பிடித்தது பேஸ்தான் என்பது அன்று காதில் விழவில்லை.

‘ஒஹாயோ பிளேயர்ஸ்’ ஆல்பத்தைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். பேஸ் காணாமல் போய், வெறும் இனிப்பு மிஞ்சும். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் அதே மலைநாட்டுச் சுழற்சி அடியில் ஓடுவது தெரியும். கார்னியின் தாளம் அதன்மேல் சற்றுச் சாய்ந்தபடி வரும். வில்லியம் பெல் 1968-இல் பாடிய பழைய சோல் பாடல் ஒன்றையும் எடுத்துப் பாடியிருக்கிறார்கள். ஆவர்பாக்கின் குரல் இத்தனை நெருக்கமாக வேறெங்கும் ஒலித்ததாக எனக்கு நினைவில்லை.

ராப் கலந்த இரண்டு பாடல்களும் இன்றுவரை ஒட்டவில்லை. அவை வந்தால் தாண்டிவிடுகிறேன். கித்தார் தனி ஆவர்த்தனம் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்ற ஏக்கமும் தீரவில்லை.

இப்போது ‘திக்ஃப்ரீக்னஸ்’ போட்டால் என் காது தானாக பேஸைத் தேடுகிறது. அது இருக்க வேண்டிய இடத்தில் ஆவர்பாக்கின் கட்டைவிரல் உழைத்துக்கொண்டிருக்கிறது.