தஞ்சாவூரில் போலந்து மதியச் சாப்பாடு: ஜூரெக்குக்காகப் போகலாம்

மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், வீட்டுத் திண்ணையை எடுத்துவிட்டுப் போட்ட சின்னக் கடை. ஆறு மேசை. மதியம் 12 முதல் 3 வரை மட்டும்தான் திறந்திருக்கும். நடத்துகிறவர் பாபநாசம் பக்கத்துப் பையன், வார்சாவில் ஒரு உணவக அடுப்படியில் சில வருஷம் நின்றவர். அங்கே 'பால் பார்' என்று மலிவுச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. 1896-இல் வார்சாவில் தொடங்கிய வழக்கம். குடிக்கிற பார் இல்லை, பாலும் மாவும் முட்டையும் வைத்துச் சமைக்கும் இடம். கல்லாவில் சொல்லி, காசு கட்டி, தட்டை நாமே வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். இங்கேயும் அதே ஏற்பாடுதான். பந்தியில் உட்கார்ந்து பழகிய பெரியவர்களுக்கு இது கொஞ்சம் கடுப்பாக இருக்கும், சொல்லிவிடுகிறேன்.

நான் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவன். வெளியூர்ப் பண்டம் எதுவானாலும் மாவையும் புளிப்பையும்தான் முதலில் பார்ப்பேன். இரண்டுமே இந்தக் கடையில் தேறுகின்றன.

முதலில் ஜூரெக். இது சூப். ரை என்கிற குளிர்நாட்டுத் தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்து, பூண்டு தட்டிப் போட்டு, நாள்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். அந்தப் புளித்த கரைசல்தான் சூப்புக்கு உடம்பு. “அங்கே அஞ்சு நாள் ஆகும்ணே, இங்கே சித்திரையில ரெண்டாம் நாளே பொங்கிருது, நான் மாடிப்படிக்குக் கீழே வெச்சுப் பாத்துக்கறேன்” என்றார் பையன். புளியோ எலுமிச்சையோ விடவில்லை. நாக்கில் சுள்ளென்று அடிக்காமல், விழுங்கிய பிறகு தொண்டையில் நிற்கிற புளிப்பு. மேலே பாதியாக வெட்டிய அவித்த முட்டை. அங்கே பன்றி சாசேஜ் போடுவார்கள், இங்கே கோழி சாசேஜ். அதுதான் இந்தக் கிண்ணத்தில் சப்பென்றிருந்த ஒரே சங்கதி. வாசனைக்கு உலர்ந்த மரு. ஆமாம், நம் பூக்கடையில் கதம்பத்தில் வைத்துக் கட்டுகிற அதே மருதான். தஞ்சாவூர்க்காரனுக்கு மரு என்றால் சாமி மாலை. அதைக் கறிச் சூப்பில் முகர்ந்தபோது கூட வந்த என் மச்சான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் என் கிண்ணத்தையும் அவரே முடித்தார். விலை 140 ரூபாய், தாராளமான அளவு.

பியெரோகி பார்க்கச் சோமாசிதான், ஆனால் எண்ணெயில் பொரிப்பதில்லை. மைதாவைச் சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து ஊறவைத்து, மெல்லிசாகத் தேய்த்து, டம்ளரால் வட்டம் போட்டு, பூரணம் வைத்து மடித்து, உப்புத் தண்ணீரில் வேகவைக்கிறார்கள். மிதந்து வந்ததும் ஓரிரு நிமிஷம் விட்டு எடுக்க வேண்டும். ஓரம் எங்கும் பிரியவில்லை, மடிப்பில் மாவு தடித்து வேகாமல் நிற்கவும் இல்லை. கை வந்த வேலை. பூரணம் உருளைக்கிழங்கு, வதக்கிய வெங்காயம், மிளகு, அப்புறம் பாலைத் தானாகப் புளிக்கவிட்டு லேசாகச் சூடாக்கித் துணியில் வடித்த பாலாடைக்கட்டி. இதைக் கடையிலேயே செய்கிறார். மேலே வெண்ணெயில் சிவக்க வதக்கிய வெங்காயம். எட்டு பியெரோகி 180 ரூபாய். 'நம்மூர் ஸ்பெஷல்' என்று மிளகாய்க் கோழி வைத்த ஒரு பியெரோகியும் பலகையில் இருக்கிறது. அதை வாங்காதீர்கள். அந்தக் காரத்தில் மாவின் ருசி செத்துப்போகிறது. காரம்தான் வேண்டுமென்றால் அதற்கு ஊரில் ஆயிரம் கடை உண்டு.

என் பெரிய குறை முட்டைக்கோஸ் சுருட்டலில். இலையை வெந்நீரில் வாட்டி, உள்ளே அரிசியும் கொத்துக்கறியும் வைத்துச் சுருட்டி, தக்காளிச் சாற்றில் வேகவிடுகிற பண்டம். இலை பதம், சாறும் அருமை. உள்ளே இருந்த சோறு மட்டும் களி. டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு அரிசியில் கோட்டை விடலாமா? கூப்பிட்டுக் கேட்டேன். “இது தை அறுப்பு அரிசியா தம்பி?” வயலில் விளைந்ததையே அரைத்து எடுத்து வருகிறாராம். புது அரிசி குழையத்தான் செய்யும். ஒரு வருஷமாவது இருப்பு வைத்த பச்சரிசியை முக்கால் பதத்தில் வடித்துப் பூரணத்தில் போடச் சொன்னேன். தலையாட்டினார், செய்வாரா தெரியாது.

உருளைக்கிழங்கு அடை மொறுமொறுப்பு, எண்ணெய் கொஞ்சம் கூடுதல். வெள்ளரிக்காயைச் சீவிப் புளித்த கிரீமில் போட்ட பச்சடி வெயிலுக்கு நல்லது. புளித்த கிரீம் இங்கே எளிதில் அகப்படாது என்பதால் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் கிரீம் அடித்துச் சேர்க்கிறார், குறை தெரியவில்லை. அதில் தூவுகிற கீரை சதகுப்பை. நாட்டு மருந்துக் கடையில் விதை வாங்கிக் கொல்லையில் தொட்டி வைத்திருக்கிறார். ஆப்பிளும் கிராம்பும் கொதிக்கவைத்த கொம்போட் என்கிற பானம் 40 ரூபாய். சர்க்கரையைப் பாதியாக்கச் சொல்லி வாங்குங்கள்.

சைவக்காரர்கள் பியெரோகியும் அடையும் சாப்பிடலாம், ஆனால் அடுப்படி ஒன்றுதான். கொத்துக்கறியும் அங்கேதான் வேகிறது. கார் நிறுத்த இடம் கிடையாது. ஜூரெக் ஒரு பானைதான் வைக்கிறார், ஒரு மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். திங்கட்கிழமை கடை லீவு.